அடையாறு ஏன் வாயை மூடிக்கொள்கிறது?

"முகத்துவாரத்தை ஒரேயடியாக ஆழமாகத் தோண்டிவிட்டால் என்ன? எதற்கு அடிக்கடி பொக்லைன்?" என்று பட்டினப்பாக்கம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஐப்பசி பிறந்தால் சீனிவாசபுரத்துக்காரர்களுக்கு வரும் கவலைதான் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் அவர்கள் வீடு.

சாய்வாக மோதும் அலைகள் மணலைக் கரையோரமாகவே நகர்த்துகின்றன என்பது பள்ளிப் பாடம். சென்னையில் அந்த மணல் வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்குக்கே மிச்சம். துறைமுகச் சுவர் அதை மறித்ததால்தான் மெரினா இவ்வளவு அகன்றது, இராயபுரம் கரையை இழந்தது.

வழியில் கிடக்கும் பள்ளத்தை மணல் நிரப்பாமல் விடுமா? கோடையில் அடையாற்றின் வாயைத் திறந்து வைத்திருப்பது பெரும்பாலும் கடல் நீர்தான். ஓதம் (கடல் மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஏறும்போது கழிமுகத்துக்குள் பரவும் நீர், ஆறு மணி நேரம் கழித்து அதே வாய் வழியாக வெளியேறுகிறது. மணலையும் இழுத்துப் போகிறது. எனக்குப் பிடித்த கணக்கு இங்கேதான் இருக்கிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது சுமக்கும் மணல் எட்டு மடங்கையும் தாண்டும்! வேகம் பாதியானால் அதே கணக்கு தலைகீழாகும். வாய் கொஞ்சம் குறுகினால் உள்ளே வரும் நீர் குறையும். அது குறைந்தால் வெளியேறும் வேகம் தளரும். வாய் இன்னும் குறுகும். கடைசியில் மணல்திட்டின்மேல் ஊரூர் குப்பத்துக்கு நடந்தே போகலாம்.

திறப்பதும் இப்படித்தான். கடற்கரையில் தேங்கிய குட்டையிலிருந்து சிறுவர்கள் குதிகாலால் கோடு கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் நூலாக ஒழுகும். பிறகு ஓரம் பொத்தென்று சரியும். கால் மணி நேரத்தில் அது வாய்க்கால். ஆற்றிலும் அதேதான். ஆனால் திட்டைத் தாண்டும் உயரத்துக்கு நீர் ஏறுவதற்குள் தாழ்வான சந்துகளில் முழங்கால் அளவு நின்றுவிடும்.

ஆகவே வாசகருக்குப் பதில்: எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும் உள்ளே போய்வரும் நீரின் அளவுக்குத்தான் வாய் நிலைக்கும். கழிமுகத்தைத் தூர்த்து மனையாக்கிய ஒவ்வொரு துண்டும் அந்த அளவைக் குறைக்கிறது. பொக்லைனுக்கு ஒதுக்கும் பணத்தில் சிறு பங்கை அந்த நீரை நாள்தோறும் அளப்பதற்கும் ஒதுக்கலாம் என்பது என் பழைய புலம்பல்.

அமாவாசையில் கடல் ஏறும் என்று குப்பத்துப் பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அன்றும் பௌர்ணமியன்றும் இங்கே ஓதம் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிகூட இராது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கும் அஷ்டமியில்தான் கடல் உயர ஏறி ஆற்று வெள்ளத்தை மறிப்பது குறைவு! 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோது தேய்பிறை அஷ்டமிக்கு ஓரிரு நாளே இருந்தது. அமாவாசை டிசம்பர் 11-இல்தான் வந்தது.