வெற்றிடத்தில் கணித்ததைக் கிணற்று நீருக்குச் சொல்லாதீர்கள்

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் நீர் வடிகட்டி விற்பவர்கள் கொண்டுவரும் துண்டுப்பிரசுரங்களில் இப்போது புதிதாக ஒரு வாசகம் காணப்படுகிறது: "குவாண்டம் கணிப்பின் மூலம் நிரூபிக்கப்பட்டது." நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, வாங்கலாமா என்று கேட்டு எனக்கு அனுப்பப்பட்ட பிரசுரத்தில், சிரட்டைக்கரியின் மேல், கிணற்று நீரிலிருந்து அகற்றுவதாகச் சொல்லப்படும் புளோரைட்டு அயன் ஒட்டியிருக்கும் சிவப்பு நீலப் படமும், அதன்கீழ் தசமத்துக்குப் பின் ஆறு இலக்கங்களோடு ஒரு சக்திப் பெறுமானமும் அச்சாகியிருந்தன. நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டதற்கு, "கணினியே காட்டிவிட்டது, பிறகெதற்கு ஆய்வுகூடம்?" என்று பதில் வந்ததாம். இதே வாதத்தை மாணவர்களின் ஆய்வறிக்கைகளிலும் வாசித்து வாசித்துப் பொறுமை போய்விட்டது.

முதலில் சிறிய விடயத்தை முடித்துவிடுகிறேன். இதற்குக் குவாண்டம் கணினி எதுவும் தேவையில்லை. குவாண்டம் என்பது இங்கே பொறியில் அல்ல, மூலக்கூறிலுள்ள இலத்திரன்களுக்காகக் கணினி தீர்க்கும் சமன்பாட்டில் இருக்கிறது. அளவில் சிறிய மூலக்கூறாயின் சாதாரண மடிக்கணினியே போதும். படத்தின் சிவப்பும் நீலமும் வரைபவர் தெரிவுசெய்யும் நிறங்கள். அளவுகோலைச் சற்று நகர்த்தினால் எந்தப் படத்தையும் செக்கச்செவேலென்று ஆக்கிவிடலாம்.

பெரிய விடயம் வேறு. கணிப்பு, நாம் அதற்குள் வைத்த அணுக்களைப் பற்றி மட்டுமே பேசும். அந்தப் பிரசுரத்தின் படத்தில் சில பென்சீன் வளையங்களும் ஒரு புளோரைட்டு அயனும் மட்டுமே இருந்தன. ஒரு நீர் மூலக்கூறுகூட இல்லை, சுற்றியுள்ள நீரின் விளைவை அண்ணளவாகச் சேர்க்கும் கரைப்பான் மாதிரியைப் பயன்படுத்தியதாக ஒரு வரியும் இல்லை. வெற்றிடத்தில் தனித்து நிற்கும் புளோரைட்டு எதையும் பற்றிக்கொள்ளும். மூன்று நாள் பட்டினி கிடந்தவன் பழஞ்சோற்றை அள்ளித் தின்றதைக் காட்டி எங்கள் சமையலின் சுவையே சுவை என்று பெருமை பேசுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கிணற்றிலுள்ள புளோரைட்டோ நீர் மூலக்கூறுகளால் இறுகச் சூழப்பட்டிருக்கிறது. அந்த நீரேற்றத்தின் சக்தி ஒரு மூலுக்கு 100 கிலோகலோரிக்கும் மேல். கரியில் ஒட்ட வேண்டுமானால் அந்தப் பிணைப்பில் ஒரு பகுதியையேனும் அது இழக்க வேண்டும். அதோடு, கடினத்தன்மை மிகுந்த எங்கள் வன்னித் தண்ணீரில் இருகாபனேற்றும் குளோரைட்டும் புளோரைட்டைவிடப் பன்மடங்கு செறிவில் இருந்துகொண்டு அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. இவற்றுள் எதுவும் அந்தக் கணிப்புக்குள் இல்லை. வெப்பநிலையும் இல்லை: கணினி முதலில் தரும் சக்தி, கருக்கள் அசையாமல் நிற்பதாகக் கொண்டு பெறப்பட்டது. ஆய்வுகூடங்களில் நெடுங்காலமாக அறியப்பட்டதோ இதற்கு நேர்மாறானது. நடுநிலை நீரிலிருந்து, சிரட்டையிலிருந்து செய்வது போன்ற சாதாரண ஏவப்பட்ட கரி புளோரைட்டை மிகக் குறைவாகவே அகற்றும். அதற்கென்று பயன்படுபவை எலும்புக்கரியும் ஏவப்பட்ட அலுமினாவும் போன்றவை.

அந்த ஆறு தசம இலக்கங்கள்தான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுபவை. கணினி ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்து, விடை மேலும் மாறாத இடத்தில் நிற்கிறது. அந்த இலக்கங்கள் அது எவ்வளவு நுணுக்கமாக நின்றது என்பதைக் காட்டுபவை, இயற்கைக்கு எவ்வளவு அருகில் நின்றது என்பதை அல்ல. 25 பாகை செல்சியசில் ஏவற்சக்தி, அதாவது தாக்கம் நிகழத் தாண்ட வேண்டிய சக்தித் தடை, மூலுக்கு 1.4 கிலோகலோரி பிழைத்தால் தாக்கவீதம் பத்து மடங்கு பிழைக்கும். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தெரிவுசெய்யும் பி3எல்வைபி என்ற அண்ணளவான கணிப்பு முறை, ஏவற்சக்தியை நான்கு கிலோகலோரியளவு குறைத்துச் சொல்வது எங்கள் துறையில் எல்லாருக்கும் பழகிய விடயம். அதாவது வீதத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பிழை.

கணிப்பை நான் இழிவுபடுத்துவதாக எவரும் எண்ண வேண்டாம். அதுவே என் தொழில். 1968இல் கொலோஸ், வொல்னிவிச் இருவரும் ஐதரசன் மூலக்கூறை இரு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான பிரிகைச் சக்தியைக் கணித்தபோது அது நிறமாலையியலாளர் எர்ஸ்பேர்க்கின் பரிசோதனைப் பெறுமானத்தோடு பொருந்தவில்லை. அவர் மீண்டும் அளந்தபோது கணிப்பே சரியென்று தெரிந்தது. ஆனால் அது இரண்டே இலத்திரன்கள் கொண்ட மூலக்கூறு. கோனும் சாமும் 1965இல் தந்த, இலத்திரன்களை அவற்றின் அடர்த்தியைக் கொண்டு கையாளும் வழியால் நூற்றுக்கணக்கான இலத்திரன்களை அணுக முடிகிறதென்றால், அதற்கு விலையாக அண்ணளவாக்கம் ஒன்றை ஏற்கிறோம். கோனுக்கும், கணிப்பு முறைகளை வளர்த்த போப்பிளுக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்ததைச் சொல்லி அந்த அண்ணளவாக்கத்தை மறைக்க முடியாது.

தம்பிமாரே, தங்கைமாரே, வெளியீட்டுக் கோப்பின் கடைசி வரியில் கணிப்பு இயல்பாக முடிந்தது என்று வந்தால், மென்பொருள் தடுக்கி விழவில்லை என்பதே அதன் பொருள். மூலக்கூறின் அதிர்வு மீடிறன் பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள். நிலையான கட்டமைப்பு என்று நீங்கள் எழுதியதற்கு அங்கே மறைக் குறியோடு ஓர் எண் நின்றால், அது கற்பனை மீடிறன்; உங்கள் மூலக்கூறு பள்ளத்தில் அல்ல, ஒரு சரிவின் உச்சியில் நிற்கிறது. தாக்கத்தின் சக்தித் தடையின் உச்சியான நிலைமாற்ற நிலைக்கு அத்தகைய மீடிறன் சரியாக ஒன்று இருக்க வேண்டும், அந்த அதிர்வும் நீங்கள் சொல்லும் பிணைப்பு உடையும் திசையிலேயே இருக்க வேண்டும். செம்மண்ணிலுள்ள இரும்பு ஒட்சைட்டுகளைக் கணிப்பவர்கள், அங்குள்ள இரும்பு(III) அயனில் ஐந்து சோடியற்ற இலத்திரன்கள் இருக்க ஒன்றென்று உள்ளிட்டுவிட்டுப் பெறுபேற்றுக்கு விளக்கம் தேட வேண்டாம். மேற்பரப்பில் ஒட்டும் எதற்கும் மூலக்கூறுகளிடையே உள்ள மெல்லிய கவர்ச்சியான சிதறல் விசைக்குரிய திருத்தத்தைச் சேருங்கள். கரைசலைப் பற்றிப் பேசப்போகிறீர்களென்றால், அயனைச் சுற்றிச் சில நீர் மூலக்கூறுகளையேனும் வைத்துக் கணியுங்கள். அளவீடு ஒன்றோடு ஒப்பிட்டுக் காட்டாத அறிக்கையை இனி நான் வாசிக்கவும் மாட்டேன்.

சிறுநீரக நோய்ப் பயத்தில் கடன்பட்டு வடிகட்டி வாங்கும் குடும்பங்களிடம் தயவாகக் கேட்கிறேன்: படத்தைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ விசாரித்து, வடிகட்டியினுள் செல்லும் நீரையும் வெளிவரும் நீரையும் பரிசோதிப்பியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானம் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டு. நீரைக் கொதிக்கவைத்தால் புளோரைட்டு போகாது, நீர் ஆவியாக அதன் செறிவு கூடும். புதிய கரி முதல் நாளில் காட்டும் பெறுபேறு நிலைக்க வேண்டுமென்றில்லை. சில கிழமைகள் பாவித்த பின்னரும் ஒருமுறை பரிசோதிப்பியுங்கள். விற்பவர் தன் போத்தலில் கொண்டுவரும் மாதிரி நீரின் அறிக்கை செல்லாது. அது உங்கள் கிணற்றில் அள்ளிய நீராகவே இருக்க வேண்டும்.