உருக்கினால் ஈயம் ஓடிப்போகாது

பழைய பிளாஸ்டிக் பொம்மைகளை மூட்டை மூட்டையாக எங்கள் மறுசுழற்சிப் பட்டறைக்குக் கொண்டுவந்து, "இதை உருக்கி அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குத் தட்டும் டம்ளரும் அடிச்சுக் கொடுங்க" என்று கேட்பது ராமேசுவரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாடிக்கையாகிவிட்டது. நல்ல மனசுதான். ஆனால் கடைசியாக வந்த மூட்டையில் சொப்புச் சாமான், கீச்சிடும் வாத்து, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தென்கடல் கரையில் ஒதுங்கிய வலைத்துண்டு, செல் கசிந்து பச்சை பூத்த ரிமோட் கார் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியாது.

"இருநூறு டிகிரியில உருக்குறீங்களே, விஷமெல்லாம் செத்துப் போயிடாதா?" கேட்காத ஆளே இல்லை. கிருமி சாகும். ஈயம் சாகாது, அது உலோகம். பழைய பொம்மைகளின் பளிச்சென்ற மஞ்சளுக்கு லெட் குரோமேட் என்ற ஈயச் சாயம், சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் சாயம் போட்ட காலம் உண்டு. சூடு தாங்கும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த சாயங்கள் அவை. உருக்கினால் எப்படி ஓடிப்போகும்? ஒரு பொம்மையில் இருந்தது, கூடப்போட்ட பத்து நல்ல பொம்மைக்கும் பரவும், அவ்வளவுதான். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. கறுப்புப் பொம்மை இன்னும் மோசம்: பழைய டிவிப் பெட்டிகளின் பிளாஸ்டிக், தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த புரோமின் ரசாயனத்தோடு அதில் கலந்திருக்கலாம்.

2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை இந்தியாவில் விற்கக் கூடாது. மறுசுழற்சியில் செய்த பொம்மைக்கும் அதே சட்டம்தான். 'நாங்கள் சேவையாகச் செய்கிறோம்' என்பது சோதனைக்கு மாற்று ஆகாது.

தரம் பிரிக்கும் வேலை கழற்றுவதில் ஆரம்பிக்கிறது. ஸ்குரூ, ஸ்பிரிங், காந்தம், பாட்டுப் பெட்டி, செல், எல்லாவற்றையும் எடுங்கள். பட்டன் செல்லைக் கழற்றியதும் இருபக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் போடுங்கள், தயவுசெய்து. விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்து, நகக்கண் அளவு துண்டு வெட்டி, இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்ட நல்ல தண்ணீரில் அமுக்கிவிடுங்கள். முழுப் பொம்மையைப் போடாதீர்கள். உள்ளே காற்று இருந்தால் எதுவும் மிதக்கும். மேலே வருவது பெரும்பாலும் எச்டிபிஇ (கெட்டியான பாலிஎத்திலீன்) அல்லது பிபி (பாலிபுரோப்பிலீன்). மூழ்குவது பெரும்பாலும் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக் வகைகள், அல்லது பிவிசி. கரையிலேயே இருக்கிறோமே என்று கடல் தண்ணீரில் பார்க்காதீர்கள்: நல்ல தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் கடல் தண்ணீருக்கு 1.025, ஏபிஎஸ்ஸுக்கு ஏறக்குறைய 1.05. மெல்ல இறங்குவதை மிதக்கிறது என்று நினைத்து ஏமாறுவீர்கள்.

மூழ்கியதை மிதந்ததோடு கலந்தால் ஒட்டாது. வார்த்த பலகை அடுக்கடுக்காக உரியும். பிவிசி, அதாவது அழுத்தினால் அமுங்கும் பொம்மை, ஒரு கைப்பிடி விழுந்தாலும் அந்தச் சூட்டில் கருகி, ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண் எரியும், அச்சு துருப்பிடிக்கும். பிவிசியை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கோடு பிணைவதில்லை, வாயில் வைத்தால் எச்சிலில் இறங்கும். பிவிசியைத் தனியே ஒதுக்குங்கள். வீட்டு அடுப்பில் உருக்கவே உருக்காதீர்கள், எந்தப் பிளாஸ்டிக்கையும்.

கரையில் பொறுக்கியதை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் வெயில் தின்றுவிட்டது. பிள்ளை ஏறும் பெஞ்சுக்கு ஆகாது, முறியும். மற்றதை உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் கடல் பக்கம் விடாதீர்கள். அந்தத் துணுக்குகளை மீன் தின்னும்.

தேறிய எச்டிபிஇ, பிபி இரண்டையும் தனித்தனியாக உருக்கி பெஞ்ச், பூந்தொட்டி, குப்பைத் தொட்டி செய்யலாம். வெளியில் வைப்பதென்றால் வெயில் தாங்கும் மருந்து கலக்கச் சொல்லுங்கள். தட்டு, டம்ளர், கரண்டி, பல் முளைக்கும் பிள்ளை கடிக்கும் வளையம், எதுவும் வேண்டாம். கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பைதான் வேண்டுமென்றால், நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்கா பஞ்சம்? ஓலையில் முடைந்ததை வாங்குங்கள், சாயம் ஏற்றாததாகக் கேட்டு.