தாழ்ந்தவன் ஜெயிக்கும் இரண்டரை நொடி

வீடு மாற்றும்போது இரும்பு பீரோவைத் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உச்சியில் கை வைத்துத் தள்ளினால் அது நகராது, சாயப் பார்க்கும். குனிந்து, தோளைத் தாழ்வாகக் கொடுத்து, கால்களால் தரையை உதைத்தால்தான் அசையும். அந்தப் பீரோ 140 கிலோ எடையுள்ள மனிதனாக இருந்து, அவனும் உங்களைத் திருப்பித் தள்ளினால்? இரண்டரை நொடிக்குள் அவனைத் தாண்டிப் போய், அவன் முதுகுக்குப் பின்னால் நிற்கும் இன்னொருவனைப் பிடிக்கவும் வேண்டும் என்றால்? அமெரிக்கன் ஃபுட்பாலில் டிஃபென்சிவ் லைன்மேன் பார்க்கும் வேலை இதுதான். ஓர் ஆட்டத்தில் ஐம்பது, அறுபது தடவை.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். நடுவில் நிற்பவர் சென்டர், அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் கார்டுகள். சென்டர் தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அனுப்புவதற்கு ஸ்னாப் என்று பெயர். அதை வாங்கும் குவார்ட்டர்பேக் யாருக்கு எறியலாம் என்று கண்ணால் துழாவுவார். அவருக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் இரண்டரை நொடியை ஒட்டித்தான். அதற்குள் எதிரணியின் முன்வரிசை ஆள், அதாவது டிஃபென்சிவ் லைன்மேன், அந்த ஐவரை உடைத்துக்கொண்டு வந்து, கையில் பந்தோடு அவரைச் சாய்த்துவிட்டால் அது 'சாக்'. இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்கு 1960களில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ். படையெடுத்து நகரத்தைச் சூறையாடுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல் சாக்குகளை அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல். பெயர் வைத்தவர் கணக்கில் ஒன்றுகூட ஏறவில்லை.

அதே ராம்ஸ் அணிக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து வந்தவர் ஆரன் டொனால்ட். பிட்ஸ்பர்க் நகரத்தில் 1991இல் பிறந்தவர். பன்னிரண்டு வயதிலேயே அப்பா அவரை விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி, வீட்டின் கீழ்த்தளத்தில் எடை தூக்க வைத்திருக்கிறார். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்து 2014இல் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழையும்போது அவர்மேல் ஒரே ஒரு குறைதான் சொன்னார்கள்: ஆள் சின்னது. உயரம் சுமார் 185 செ.மீ., எடை 129 கிலோ. நமக்கு இது சின்ன ஆளா என்று சிரிப்பு வரும். ஆனால் அவர் மோதப்போகும் கார்டுகள் சாதாரணமாக 193 செ.மீ., 140 கிலோ. புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இவருக்கு முன் வேறு பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். பதின்மூன்றாவதாகத்தான் ராம்ஸ் இவரை எடுத்தது.

பத்து ஆண்டுகளில் அந்தச் சின்ன ஆள் 111 சாக் எடுத்தார். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது மூன்று முறை, 2017, 2018, 2020. 2018இல் மட்டும் 20.5 சாக். வரிசையின் நடுப்பகுதியில் நிற்கும் ஆளுக்கு இது நம்ப முடியாத எண். குள்ளமாக இருந்தும் இதைச் செய்தார் என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். இயற்பியல் கணக்கைப் போட்டுப் பார்த்தால், குள்ளமாக இருந்ததும் ஒரு காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு பேர் நெஞ்சோடு நெஞ்சு மோதித் தள்ளும்போது ஒருவர் மற்றவரைத் தள்ளும் விசை சமம். நியூட்டனின் மூன்றாம் விதியில் சலுகை கிடையாது. அப்படியானால் ஒருவர் எப்படி ஜெயிக்கிறார்? பதில் அவர்களுக்கு நடுவில் இல்லை, காலடியில் இருக்கிறது. தரையை யார் அதிகமாக உதைக்க முடிகிறதோ அவர் முன்னேறுவார். தரையில் பாதம் வழுக்காமல் எவ்வளவு உதைக்கலாம் என்பது அந்தப் பாதத்தின்மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. முள் வைத்த காலணி போட்டிருந்தாலும் இந்த அடிப்படை மாறாது.

இப்போது டொனால்ட் தாழ்ந்து போய், எதிராளியின் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, முன்னோக்கித் தள்ளுவதோடு கொஞ்சம் மேல்நோக்கியும் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேல்நோக்கிய விசை 30 கிலோ பாரத்துக்குச் சமம் என்றால், 140 கிலோ கார்டின் பாதத்தில் இறங்கும் பாரம் 110 ஆகிவிடும். தூக்கிவிட்ட அந்த 30 எங்கே போயிற்று? டொனால்டின் பாதத்துக்கு. அவருடைய 129, இப்போது 159. மோதலுக்கு முன் யார் கனமானவரோ அவர் இப்போது லேசானவர். எதிராளியின் எடையைத் திருடித் தன் காலடியில் போட்டுக்கொள்வதுதான் இந்த வித்தை. தாழ்ந்தவன்தான் ஜெயிப்பான் என்று பயிற்சியாளர்கள் அங்கே தொண்டை கிழியக் கத்துவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

கூடவே முறுக்குவிசையும் இருக்கிறது. நிமிர்ந்து நிற்பவரின் ஈர்ப்பு மையம் உயரத்தில் இருக்கும். அதற்கும் மேலே, நெஞ்சில் அடி விழுந்தால் உடல் பின்பக்கமாகச் சுழன்று குதிகாலில் போய் நிற்கும். பீரோ சாய்ந்தால் நமக்கு நஷ்டம். லைன்மேனுக்கோ எதிரில் நிற்கும் பீரோ சாய வேண்டும். ஆறடி நான்கு அங்குல ஆள், ஆறடி ஒரு அங்குல ஆளின் மட்டத்துக்கு வர முழங்காலை இன்னும் அதிகமாக மடக்க வேண்டும், ஆட்டம் முழுக்க அப்படியே இருக்கவும் வேண்டும். களைத்துப்போன தொடை முதலில் செய்வது நிமிர்வதுதான். இந்த உயர்த்தும் வித்தையில் ரெஜ்ஜி வைட் வேறொரு ரகம். ஃபிலடெல்ஃபியாவிலும் கிரீன் பேயிலும் ஆடிய மதபோதகர், மொத்தம் 198 சாக். வெளிப்பக்கமாக ஓடுவதுபோல் போக்குக் காட்டி, எதிராளி எடையை அந்தப் பக்கம் சாய்த்ததும் ஒரே கையால் அவரை அள்ளி ஓரமாக வீசுவார். 140 கிலோ மனிதர்கள் பொம்மைபோலப் பறப்பதைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்க்கலாம். அது வெறும் புஜபலமல்ல. எடை ஒற்றைக் காலுக்கு மாறும் அந்தக் கணத்தைப் பிடிப்பது.

பலம் இருந்தும் நேரம் தவறினால் வீண். ஸ்னாப் எப்போது வரும் என்று தாக்கும் அணிக்குத் தெரியும். குவார்ட்டர்பேக் போடும் சத்தத்தில் எத்தனையாவது சொல்லுக்குப் பந்து வரும் என்று முன்பே பேசி வைத்திருப்பார்கள். தடுக்கும் அணிக்குத் தெரியாது. மனிதக் காது கண்ணைவிடக் கொஞ்சம் வேகமானது. சத்தத்துக்கு உடல் எதிர்வினை காட்ட ஏறத்தாழ 0.15 நொடி போதும், காட்சிக்கு 0.2 நொடி ஆகும். ஆனாலும் டிஃபென்சிவ் லைன்மேனுக்குச் சொல்லிக் கொடுப்பது, காதை மூடிக்கொள், பந்தைப் பார் என்பதுதான். ஏனென்றால் குவார்ட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றுவார். ஏமாந்து கோட்டைத் தாண்டினால் ஐந்து கெஜம் அபராதம். சொந்த ஊர் ரசிகர்கள் கத்தும் கத்தலில் வெளியூர்க் குவார்ட்டர்பேக்கின் குரலே கேட்காமல் போவதும் உண்டு. அப்போது சென்டர் தலையை ஆட்டிச் சைகை காட்டித்தான் பந்தை அனுப்புவார். அந்தத் தலையாட்டலின் தாளத்தை வாரம் முழுக்கக் காணொளியில் பார்த்துப் படித்து வந்திருப்பார் எதிரில் நிற்பவர். ஆக, இரைச்சல் உண்மையிலேயே ஒரு ஆயுதம்.

டொனால்டின் தனிச்சொத்து இந்த முதல் அடிதான். தேர்வு முகாமில் 40 கெஜம், அதாவது 36.6 மீட்டரை 4.68 நொடியில் ஓடினார். மணிக்கு 28 கிலோமீட்டர் சராசரி வேகம், 129 கிலோ உடம்பில். 102 கிலோ பாரத்தை நெஞ்சிலிருந்து 35 முறை தள்ளினார். பொதுவாக இரண்டில் ஒன்றுதான் ஒரு ஆளிடம் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உயரக்குறைவு பாதகம்தான். நீளக்கையன் முதலில் தொடுவான். கார்டின் உள்ளங்கை நெஞ்சில் பதிந்து சட்டையைப் பிடித்துவிட்டால் அப்புறம் கதை முடிந்தது. அதனால் கை பதியும் முன்பே அதைத் தட்டிவிட வேண்டும். தட்டிவிட்டு மேலே நீச்சலடிப்பதுபோல் கையைச் சுழற்றித் தாண்டலாம், அல்லது அக்குளுக்கடியில் கையைச் செருகிக் கிழித்துக்கொண்டு போகலாம். இதற்காக டொனால்ட் கத்திக்காரர்களோடு பயிற்சி எடுக்கும் காணொளி ஒன்று பரவலாகச் சுற்றியது. பயிற்சிக்கான போலிக் கத்திகள்தான், பயப்பட வேண்டாம். நெஞ்சை நோக்கி வரும் மணிக்கட்டைக் கண் பிடித்ததும் யோசனை இல்லாமல் கை போய்த் தட்ட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பழக்கம். எதிராளியின் முழு உடம்போடு மோதாமல் ஒரு தோளை மட்டும் குறிவைப்பதும் இதோடு சேர்ந்தது. பாதி மனிதனோடு சண்டை போட்டால், மீதிப் பாதியின் பலம் அவனுக்கே பயன்படாது.

எதிரணிகள் சும்மா இருக்குமா? இரண்டு பேரை விட்டன. டொனால்டின் வாழ்க்கையில் பெரும்பகுதி 280 கிலோவோடு மல்லுக்கட்டியே கழிந்தது. புள்ளிவிவர அட்டவணையில் ஏறாத பங்களிப்பு இது. குவார்ட்டர்பேக்கைக் காக்க மொத்தம் ஐந்து பேர், பாய்பவர்கள் நான்கு பேர். ஒருவனுக்கு இரண்டு பேர் போய்விட்டால் மிச்சம் மூவருக்கு மூவர். டொனால்டின் சக வீரர்கள் ஒற்றைக்கு ஒற்றை மோதும் சுகத்தை அனுபவித்தது அவர் புண்ணியத்தில்.

இந்த வேலைக்கு உடம்பு எரிக்கும் எரிபொருளும் வேறு. ஒரு மோதல் ஐந்தாறு நொடியில் முடிந்துவிடும். அவ்வளவு குறுகிய, உச்சக்கட்ட உழைப்புக்குத் தசைகள் பெரும்பாலும் மூச்சுக்காற்றை நம்புவதில்லை. தசைக்குள்ளேயே சேர்ந்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டைச் செலவழிக்கின்றன. தீர்ந்த கையிருப்பில் ஏறத்தாழ பாதி அரை நிமிடத்தில் திரும்பிவிடும். அடுத்த ஸ்னாப்புக்கு விதிகள் தரும் அவகாசம் 40 நொடி. கணக்குப் போட்டு வைத்ததுபோல இருக்கிறது. எதிரணி இடைவெளி விடாமல் விரட்டி விரட்டி ஆடினால் இந்தக் கையிருப்பு நிரம்பவே நிரம்பாது. நாலாவது பகுதியில் பெரிய ஆட்கள் இடுப்பில் கை வைத்து நிற்பது அதனால்தான்.

2022 பிப்ரவரி 13. இங்கிள்வுட் நகரில் சூப்பர் பௌல், என்எஃப்எல்லின் இறுதி ஆட்டம். ராம்ஸ் 23, சின்சினாட்டி 20. ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை, சின்சினாட்டிக்குக் கடைசி வாய்ப்பு, பந்தைக் கையில் வைத்துத் தொடர ஒரே ஒரு கெஜம் முன்னேற வேண்டும். நடுவிலிருந்து பாய்வதன் அருமை இங்கே தெரியும். ஓரத்திலிருந்து வருபவன் வளைந்து வர வேண்டும்; குவார்ட்டர்பேக் ஓரடி முன்னால் வைத்தால் தப்பிவிடலாம். நேர் நடுவிலிருந்து வருபவனுக்கு ஓட வேண்டிய தூரமும் குறைவு, அந்த முன்னடியை வைக்கவும் இடமிருக்காது. டொனால்ட் கார்டைத் தாண்டி, சின்சினாட்டி குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார். சுழன்றபடியே பர்ரோ எறிந்த பந்து தரையில் விழுந்தது. விதிப்படி அது சாக்கே இல்லை. ஆட்டம் முடிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு டொனால்ட் தன் மோதிர விரலைச் சுட்டிக் காட்டினார். வென்ற அணிக்கு மோதிரம் தருவது அங்கே வழக்கம்.

உடம்பு இதற்கெல்லாம் ரசீது வைத்துக்கொள்கிறது. டொனால்டின் ஊரான பிட்ஸ்பர்க்கில் கோட்டின் மறுபக்கம், சென்டராக ஆடியவர் மைக் வெப்ஸ்டர். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையைப் பரிசோதித்த மருத்துவர் பென்னட் ஒமாலு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோயை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2017இல் 111 முன்னாள் என்எஃப்எல் வீரர்களின் மூளைகளை ஆராய்ந்ததில் 110இல் இந்நோய் இருந்தது. இதை வைத்து எல்லா வீரர்களுக்கும் வரும் என்று சொல்லிவிடக் கூடாது. சந்தேகம் இருந்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. லைன்மேன்களைப் பொறுத்தவரை முக்கியமானது அதே குழு 2023இல் 631 மூளைகளைக் கொண்டு சொன்னது: மூளையதிர்ச்சி தரும் பெரிய அடிகளின் எண்ணிக்கை நோயை முன்கூட்டிச் சொல்லவில்லை; ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மொத்த விசைதான் சொன்னது. யாரும் கைதட்டாத, மறுஒளிபரப்பில் காட்டாத சின்ன முட்டல்கள். முன்வரிசை ஆளுக்கு ஒவ்வொரு ஸ்னாப்பிலும் அது ஒன்று நிச்சயம். டீக்கன் ஜோன்ஸ் காலத்தில் எதிராளியின் ஹெல்மெட்டில் ஓங்கி அறைவதே அனுமதிக்கப்பட்ட உத்தி. 1977இல்தான் தடை வந்தது. 2022 முதல் பயிற்சி முகாமில் முன்வரிசையினர் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறை போட வேண்டும் என்றார்கள்.

இதயமும் கணக்கில் உண்டு. அமெரிக்க அரசின் தொழில்சார் நல ஆய்வு நிறுவனம் 2012இல் வெளியிட்ட கணக்கில், முன்னாள் வீரர்கள் மொத்தத்தில் பொதுமக்களைவிட நீண்டகாலம் வாழ்ந்திருந்தார்கள். ஆனால் டிஃபென்சிவ் லைன்மேன்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் பொதுவான ஆண்களைவிட 42 சதவீதம் அதிகம். 140 கிலோ என்பது தசையோ கொழுப்போ, இதயத்துக்கு அது 140 கிலோதான். ரெஜ்ஜி வைட் 2004இல் இறந்தபோது வயது 43. இதயத்தையும் நுரையீரலையும் தாக்கும் சார்காய்டோசிஸ் நோய் காரணம் என்றார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறும் கூடியிருக்கலாம் என்றது பரிசோதனை. பருத்த கழுத்துள்ளவர்களுக்கு அந்தக் கோளாறு எளிதில் வரும்.

ஒரு என்எஃப்எல் வீரரின் சராசரி ஆட்டக்காலம் மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல் என்பது வீரர்கள் சங்கத்தின் கணக்கு. டொனால்ட் பத்து ஆண்டு ஆடினார். கடைசி ஆண்டான 2023இலும் எட்டு சாக் எடுத்து, லீகின் முதல்தர அணிப் பட்டியலில் எட்டாவது முறையாக இடம்பிடித்தார். 2024 மார்ச்சில், முப்பத்திரண்டு வயதில், போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.