சிறு வெற்றியை ஏன் உடனே கொண்டாட வேண்டும்?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் கோளாறு உள்ள பெரியவர் ஒருவர், பல நாள் தள்ளிப்போட்ட மின்னஞ்சலுக்கு ஒருவழியாகப் பதில் அனுப்பியதும், நிறைவுக்குப் பதிலாக ‘இதற்கா இத்தனை நாள்?’ என்ற குற்ற உணர்வையே பெரும்பாலும் அடைகிறார். சிறு வயதிலிருந்து கேட்ட ஏச்சுகள் இதற்கு ஒரு காரணம். மூளை வெகுமதியைக் கையாளும் விதம் மற்றொரு காரணம்.

எதிர்பாராத வெகுமதி கிடைக்கும்போது நடுமூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை வெளியிடும் நரம்பணுக்கள் வேகமாகச் செயல்படுகின்றன. அதற்கு முன்னோடியாக ஓர் ஒளியோ ஒலியோ தவறாமல் வந்தால், நாளடைவில் அவை வெகுமதியை விட்டுவிட்டு அந்த அறிகுறிக்கே எழுச்சி கொள்கின்றன என்பதை நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. தொலைவிலுள்ள பலனுக்காக இன்று உழைக்க நம்மைத் தூண்டுவதில் இந்த முன்கூட்டிய எழுச்சிக்குப் பெரும் பங்குண்டு. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இந்த இடமாற்றம் முழுமையாக நிகழ்வதில்லை என்று ஆய்வாளர்கள் கெயில் ட்ரிப், ஜெஃப் விக்கன்ஸ் ஆகியோர் முன்வைத்தனர். இது இன்னும் கருதுகோள்தான். எனினும், தாமதமாக வரும் பெரிய பலனைவிட உடனே கிடைக்கும் சிறிய பலனையே இவர்கள் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் கண்டறிந்ததற்கு இது நன்றாகப் பொருந்துகிறது. நோரா வோல்கோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட மூளைப் படமாக்க ஆய்விலும், ஏ.டி.எச்.டி. உள்ள, மருந்து உட்கொள்ளாத 53 பெரியவர்களின் மூளையில் வெகுமதியைக் கையாளும் பாதையில், டோபமைனை உள்வாங்கி உணரும் ஏற்பிகளின் அளவு, அக்கோளாறு இல்லாதவர்களைவிடச் சராசரியாகக் குறைந்தே காணப்பட்டது.

ஆகவே, வேலை முழுவதும் முடிந்த பிறகு பெரிய பரிசு என்று தமக்குத் தாமே வாக்களிப்பது இவர்களுக்கு அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. கோப்பைத் திறந்தாயிற்று, முதல் பத்தியை எழுதியாயிற்று என்று ஒவ்வொரு படியிலும், அந்தக் கணத்திலேயே கிடைக்கும் பாராட்டுதான், மூளை தானாக உண்டாக்கத் தவறும் சமிக்ஞைக்கு ஓரளவு ஈடாகக்கூடும். வாய்விட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று சொல்வதும், பட்டியலில் அந்த வரியை அடிப்பதும், நண்பருக்கு ஒரு வரி அனுப்புவதும் போதுமானவை. என் பார்வையில், மற்றவர்கள் எளிதாகச் செய்யும் காரியத்தைக் கொண்டாடுவதா என்ற கூச்சமே இங்கே மிகப் பெரிய தடை. செலவான முயற்சியை மற்றவர்களின் அளவுகோலால் அளப்பது நியாயமில்லை.

இது மருந்துக்கோ சிகிச்சைக்கோ மாற்றாகாது. முழுக்க எதிர்பார்த்த வெகுமதிக்கு டோபமைன் அணுக்கள் புதிதாக எழுச்சி கொள்வதில்லை என்பதால், ஒரே பாராட்டு சில வாரங்களில் வலுவிழக்கக்கூடும். அப்போது கொண்டாடும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம்.