ராணிக்கு எதற்கு அபிவிருத்தி?

"ராணியை முன்கூட்டியே அபிவிருத்தி செய்வதன் அபாயங்கள்." இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்த இடத்தில் கைக்கு வந்த தாளின் தலைப்பு இது. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "அபிவிருத்தின்னா ராணிக்கு ரோடு போட்டுக் குடுக்குறதா சேர்?" என்றது. பிள்ளைமேல் பிழையில்லை. தேயிலைத் தோட்டத்தில் அபிவிருத்தி என்றால் கொங்கிறீட் பாதை, அதன் முனையில் ஒரு பெயர்ப்பலகை.

தாளில் அபிவிருத்தியாகிவிட்ட 'டெவலப்மென்ட்' பழைய பிரெஞ்சுவழி வந்த சொல். சுற்றி மூடியதைப் பிரிப்பதே முதற்பொருள். செஸ்ஸில், தொடக்கத்திலேயே காயை அதன் வீட்டுக் கட்டத்திலிருந்து எடுத்து, வேலை செய்யக்கூடிய கட்டத்தில் வைப்பது. அவ்வளவுதான்.

அபிவிருத்தியோ வடமொழி: வளர்ச்சி, பெருக்கம். எஃப்3 கட்டத்துக்குப் போனதால் குதிரை வளர்ந்துவிடுமா? பலகையில் அபிவிருத்தி காண்பது, கடைசி வரிசையைத் தொட்டு ராணியாகும் காலாள் மட்டுமே. ராணியும் ஒரே தடவை அபிவிருத்தி கண்டாள். மந்திரியாக நின்று மூலைவாட்டில் ஒரு கட்டம் மட்டும் நகர்ந்த காய், 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் இன்றைய வலுவைப் பெற்றது. (மந்திரிப் பெயரைப் பிஷப்புக்குக் கொடுப்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை பிடிக்கிறேன்.)

இன்னும் சிலர் 'முன்னகர்த்தல்' என்கிறார்கள். நல்ல தமிழ்தான், பொருள்தான் உதைக்கிறது. கோட்டை கட்டி ராஜாவை ஓரத்தில் ஒளித்தபின், ரூக்கை, அதாவது யானையை, இ1க்கு இழுப்பதும் இந்த வேலைதான். அது பக்கவாட்டில் போகிறது. மாறாக, காலாள்களையே தள்ளிக்கொண்டு போனால் முன்னகர்த்தல் தாராளமாய் நடக்கும், குதிரையும் பிஷப்பும் வீட்டில் தூங்கும். பழகவரும் பிள்ளைக்கு இந்த வித்தியாசத்தைத்தானே முதலில் சொல்லவேண்டும்? 'மேம்பாடு' என்று மாற்றினாலோ, பழைய குருடி கதவைத் திறடி. 'வெளியே எடுத்தல்' என்று பிள்ளைகள் சொல்வது இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் வெட்டுப்பட்ட காயையும் வெளியேதான் எடுக்கிறோம்.

களமிறக்கல் என்பேன். கிரிக்கெட் வர்ணனையில் துடுப்பாட்ட வீரர் களமிறங்குவது எல்லார் காதிலும் விழுந்த தமிழ். தோட்டத்து ஆட்கள் வேலைக்குமுன் கூடும் பிரட்டுக்களம் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்: காலையில் ஆட்களைப் பிரித்து, இந்த மலைக்கு இத்தனை பேர் என்று அனுப்புகிறார்கள். ஆட்கள் போகுமுன் தோட்ட நிர்வாகியான பெரிய துரையே கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினால் எப்படி இருக்கும்? ராணியை முந்திக் களமிறக்குவது அதுதான். ஸ்கண்டிநேவியன் தடுப்பு என்ற தொடக்கத்தில் வெள்ளைக் காலாள் இ4க்கு, கறுப்புக் காலாள் டி5க்கு. வெள்ளை வெட்ட, கறுப்பு ராணி திருப்பி வெட்டுகிறாள். உடனே வெள்ளைக் குதிரை சி3க்கு வருகிறது. ராணி ஓடவேண்டும், வெள்ளைக்கு ஒரு நகர்வு லாபம். தெரிந்தவர்கள் ஓடுமிடத்தையும் யோசித்துவிட்டே அதை ஆடுகிறார்கள். 1972இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 11ஆம் ஆட்டத்தில் ஃபிஷரின் ராணி பி2 காலாளைத் தின்னப் போய் மாட்டிக்கொண்டாள், ஸ்பாஸ்கி வென்றார். ஃபிஷருக்கே அந்தக் கதி.

மொழிபெயர்ப்பாளர்கள் பலகையைப் பார்ப்பதில்லை, அகராதியில் முதலில் வரும் பொருளோடு நின்றுவிடுகிறார்கள். அந்தத் தாளின் கடைசி வரி: "ராணியின் அபிவிருத்தியைத் தாமதப்படுத்துங்கள்." மலையகத்தில் அபிவிருத்தியைத் தாமதப்படுத்தத் தாளடித்துக் கொடுத்தா சொல்லவேண்டும்?