செருகுநிரல்

மார்த்தாண்டத்தில் தேன் விற்கும் ஒருவர் தன் கடைக்கு வேர்ட்பிரஸ் என்ற இணையதள மென்பொருளில் தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் எடுக்கப் படிவம் வேண்டும், பணம் வாங்க வழி வேண்டும். வெறும் வேர்ட்பிரஸில் இவை கிடையாது. இதற்கென்றே தனியாக எழுதிய சிறு மென்பொருளை நிறுவிக்கொண்டால் வந்துவிடும். அதுதான் பிளகின். தமிழில் செருகுநிரல்.

பிளக் என்ற சொல் டச்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. துளையை அடைக்கும் தக்கை என்பதுதான் முதல் பொருள். மின்சாரம் வந்தபின் சுவரில் மாட்டும் பிளக் ஆயிற்று, அப்புறம் கணினிக்கும் வந்தது. வேர்ட்பிரஸில் 2004இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது.

நிரல் என்றால் வரிசை. சொற்களை வரிசையாக நிறுத்திப் பொருள்கொள்ளும் நிரல்நிறை என்பது தொல்காப்பியத்திலேயே உண்டு. கட்டளைகளை வரிசையாக எழுதுவதால் கணினி புரோகிராமுக்கும் அந்தச் சொல் நன்றாகப் பொருந்திக்கொண்டது.

எனக்கு அதைவிடப் பிடித்தது முன்பாதி. தோவாளைப் பூவைச் சரமாகத் தொடுத்தால் நடுவில் ஒன்றை உருவ முடியாது, சரம் குலையும். கொண்டையில் செருகிய பூவை எடுத்தால் கொண்டை அப்படியே இருக்கும். பிளகின் இரண்டாவது வகை. வேர்ட்பிரஸின் மூல நிரலைத் தொடாமல், அது விட்டுவைத்த கொக்கிகளில் மாட்டிக்கொண்டு வேலை செய்கிறது. கழற்றினாலும் தளம் நிற்கும், அது தந்த வசதி மட்டும் போகும்.

நிர்வாகப் பக்கத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நிறுவ அழுத்திய பொத்தானே நிறுவி முடித்ததும் ‘செயல்படுத்து’ என்று மாறும். அதை அழுத்தும்வரை செருகுநிரல் கோப்புறையில் சும்மா கிடக்கும். இயங்கிக்கொண்டிருப்பதை நேரடியாக அழிக்கவும் முடியாது. முதலில் முடக்க வேண்டும், அதன்பிறகே ‘நீக்கு’ என்ற இணைப்பு தெரியும். முடக்கினால் கோப்புகளும் அமைப்புகளும் பத்திரமாக இருக்கும். நீக்கினால் கோப்புகள் போய்விடும். தரவுத்தளத்தில் எழுதி வைத்தவை அழியுமா என்பது அதை எழுதியவர் கையில். தேன்கடைக்காரர் படிவத்தை மாற்ற நினைத்தால், பழைய ஆர்டர்களைப் பிரதி எடுத்துவிட்டு நீக்குவதே நல்லது.

சிலர் ‘சொருகி’ என்கிறார்கள். சொருகு என்பது நம் பேச்சில் புழங்கும் வடிவம்தான், அதுவும் சரி. ‘நீட்சி’யை உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்கு விட்டுவிடலாம்.