0.426 பெரிதா, 0.376 பெரிதா?

1901-இல் அமெரிக்கன் லீக் பேஸ்பாலில் நாப் லாஜுவே எடுத்த பேட்டிங் சராசரி 0.426. அந்த லீக்கில் இன்றுவரை இதைத் தாண்டியவர் யாரும் இல்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1904-இல், அவர் எடுத்தது 0.376. ஆட்டம் இறங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். இறங்கவில்லை என்று காட்ட ஒரே ஒரு வகுத்தல் போதும்.

முதலில் இந்தச் சராசரி என்னவென்று பார்த்துவிடுவோம். கிரிக்கெட்டில் ஓர் அவுட்டுக்கு எத்தனை ரன் என்று கணக்கிடுகிறோம். பேஸ்பாலில் அப்படியில்லை. அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் எத்தனை ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் தளத்தையாவது எட்டியது எத்தனை முறை என்பதே கணக்கு. 1901-இல் லாஜுவேக்குக் கிடைத்தவை 544 வாய்ப்புகள், அவற்றில் 232 ஹிட். பத்துக்கு மூன்று அடித்தாலே நல்ல பேட்டர் என்று சொல்லும் ஆட்டம் இது.

சரி, மற்றவர்கள் எப்படி அடித்தார்கள்? 1901-இல் அந்த லீக்கின் மொத்தச் சராசரி 0.277. 1904-இல் அது 0.244-ஆகச் சரிந்துவிட்டது. லாஜுவேயின் எண்ணை லீக்கின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 0.426-ஐ 0.277-ஆல் வகுத்தால் 1.54. 0.376-ஐ 0.244-ஆல் வகுத்தாலும் அதே 1.54! இரண்டு ஆண்டுகளிலும் சக ஆட்டக்காரர்களைவிட அவர் 54 சதவீதம் மேலே நின்றிருக்கிறார்.

லீக் ஏன் சரிந்தது? ஒரு முக்கியக் காரணம் ஃபவுல் விதி. பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசிய பந்து பிடிக்கவில்லையா? மட்டையின் ஓரத்தால் தட்டிக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிடலாம். அதுதான் ஃபவுல். 1901-இல் அமெரிக்கன் லீக்கில் அதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. தனக்குப் பிடித்த பந்து வரும்வரை பேட்டர் இப்படித் தட்டிக்கொண்டே இருக்கலாம். பிட்சரின் கைதான் ஓயும். அமெரிக்கன் லீக்குக்குப் போட்டியாக இருந்த இன்னொரு பெரிய லீக்கான நேஷனல் லீக், ஃபவுலை ஸ்ட்ரைக்காக, அதாவது பேட்டர் தவறவிட்ட பந்தாக, எண்ணும் விதியை அந்த ஆண்டே கொண்டுவந்தது. அமெரிக்கன் லீக் 1903-இல் பின்பற்றியது. அப்புறம் இரண்டு ஸ்ட்ரைக் ஆகும்வரை ஒவ்வொரு ஃபவுலும் ஸ்ட்ரைக் கணக்கில் சேர்ந்தது. மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட் என்பதால், இப்படித் தட்டிவிடுவதற்கும் ஒரு விலை வந்துவிட்டது. 1902-இல் 0.275 இருந்த லீக் சராசரி 1903-இல் 0.255 ஆனது.

இந்த வகுத்தல் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். 1930-இல் நேஷனல் லீக்கில் பில் டெர்ரி 0.401 எடுத்தார். 1968-இல் அமெரிக்கன் லீக்கில் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி வெறும் 0.301 எடுத்து முதலிடம் பிடித்தார். ஆனால் டெர்ரியின் லீக் சராசரி 0.303, யஸ்ட்ரெம்ஸ்கியின் லீக்கிலோ 0.230. வகுத்தால் 1.32, 1.31. கிட்டத்தட்ட ஒரே உயரம்.

ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றை மறைத்துவிடுகிறது. சகாக்களின் சராசரியைச் சொல்கிறதே தவிர, அவர்கள் அந்தச் சராசரியைச் சுற்றி எப்படிப் பரவியிருந்தார்கள் என்று சொல்வதில்லை. 1901-இல்தான் அமெரிக்கன் லீக் தன்னைப் பெரிய லீக் என்று அறிவித்துக்கொண்டது. அந்த ஆண்டு 33 ஆட்டங்களை வென்ற சை யங் போன்ற பிட்சர்கள் ஒரு பக்கம், சிறிய லீக்குகளிலிருந்து அள்ளி வந்தவர்கள் மறுபக்கம். திறமை இப்படி ஏறுமாறாக இருக்கும் இடத்தில், உச்சியில் இருப்பவர் இன்னும் உயரமாகத் தெரிவார். இரண்டாம் இடத்தைப் பாருங்கள். 1901-இல் மைக் டான்லின் 0.340, லாஜுவேக்கு 86 புள்ளி கீழே (0.001 என்பது ஒரு புள்ளி). 1904-இல் வில்லி கீலர் 0.343, வெறும் 33 புள்ளி கீழே.

என்னைக் கேட்டால், லாஜுவேயின் சிறந்த ஆண்டு 1904-தான். நேஷனல் லீக்கிலிருந்து இன்னும் பல நட்சத்திரங்கள் வந்து சேர்ந்திருந்தார்கள், ஃபவுல் விதி கழுத்தைப் பிடித்தது, கீலர் போன்ற ஒருவர் பின்னாலேயே துரத்தினார். அப்படியும் அதே 1.54. அவர் ஆடிய கிளீவ்லாந்து அணி அப்போது அவர் பெயரையே சூட்டிக்கொண்டு 'நாப்ஸ்' என்று ஆடிக்கொண்டிருந்தது.